நான்காவது கிளட்ச் பிளேட்

ஒரு கார் மக்கர் செய்தால் நீங்கள் முதலில் எதைச் சந்தேகப்படுவீர்கள்? பெட்ரோல், பேட்டரி, வயர், குழாய் என்று வரிசையாகச் சொல்வீர்கள். ஓட்டியவர் ஒரு பெண் என்று தெரிந்த பிறகும் அதே வரிசையைத்தான் சொல்வீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

வம்புக்காகக் கேட்கவில்லை. ஒரு டிரைவிங் ஸ்கூலில் பதினான்கு மாதத்தில் ஒரே காருக்கு, எஞ்சினின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கிளட்ச் பிளேட் மூன்று போனது. மூன்று முறையும் வண்டிப் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் முதலாளி இரண்டே சொற்களை எழுதினார்: ‘பெண்கள் வகுப்பு.’ மெக்கானிக் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாத நேரத்தில் எழுதியது அது. நான்காவது பிளேட்டும் பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்தபோது அந்தக் கட்டத்தை நிரப்ப அவருக்குப் பேனாகூடத் தேவைப்பட்டிருக்காது.

அந்தக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுத்தருபவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தெட்டு வயது, குள்ளமான உருவம். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் ஓட்டும் காரில் உட்கார்ந்தே உலகத்தைப் பார்த்தவர். கற்பவரின் தோள் ஒரு விரல் உயர்ந்தால், அடுத்த நொடி அவர் கால் எங்கே தவறப்போகிறது என்று டீச்சருக்குத் தெரியும். கத்தமாட்டார். “விடும்மா, விடு, மெதுவா விடு” என்று ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டிருப்பார். காலை ஆறரைக்குத் தொடங்கினால் பதினோரு மணி வரை ஒன்பது பெண்கள் மாறி மாறி ஏறுவார்கள், இறங்குவார்கள். டீச்சர் மட்டும் இறங்கமாட்டார்.

இறங்க முடியாது என்பதுதான் உண்மை. இறங்கினால் மறுபடி ஏறும்போது இடது முட்டி ஒத்துழைக்காது.

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஓட்டுபவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மிதிப்பார். பக்கத்துக் கிளட்ச்சிலிருந்து ஒரு கேபிள் ஓட்டுபவரின் கிளட்ச்சுக்குப் போகும். இங்கே மிதித்தால் அங்கேயும் கீழே இறங்கும். இப்படி ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு தடவை மிதிக்க வேண்டிய வேலை. அதற்கு இருக்கை காலுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டீச்சரின் காரில் பக்கத்து இருக்கை கடைசிப் பல்லில் பின்னால் தள்ளி இறுகிப்போயிருந்தது. இருக்கையை நகர்த்த அடியில் உள்ள பல் வைத்த ரெயில் துருப்பிடித்து இரண்டு வருடமாகிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து, நுனியில் உட்கார்ந்து, காலை நீட்டி, கடைசி இரண்டு அங்குலத்துக்கு இடுப்பையே முன்னால் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார். சரிசெய்யச் சொல்லி முதலாளியிடம் கேட்டார். ஒருமுறை அல்ல, பலமுறை.

“நீ என்ன ஓட்டவா போற? உக்காந்துதானே இருக்க” என்று முதலாளி சிரித்தார். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். யாராவது அழுதால் தண்ணீர் கொடுக்கிற மனிதர். அடுத்தவர் முட்டி எப்படி மடங்குகிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்காதவர், அவ்வளவுதான். உலகத்தில் நடக்கும் அநியாயத்தில் பாதியை இப்படிப்பட்ட நல்லவர்கள்தான் செய்கிறார்கள்.

முட்டி வலியைப் பற்றி டீச்சர் ஸ்கூலில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். ஆபீஸில் போன் எடுக்கிற மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். காரில் உட்கார முடியாத டீச்சருக்கு அங்கே அதற்கு மேல் இடமில்லை. வீட்டில் மட்டும் மறைக்க முடியவில்லை. வீடு இரண்டாவது மாடி, முப்பத்திரண்டு படி. தையல் கடையிலிருந்து அவருக்கு முன்பே வந்துவிடும் கணவர், அவர் ஏறும் சத்தத்தை எண்ணிக்கொண்டு கதவைத் திறப்பார். முன்பெல்லாம் ஒரே மூச்சில் வந்த சத்தம், இப்போது பத்துப் படிக்கு ஒருமுறை நின்று வந்தது.

“உனக்கும் கிளட்ச் போயிடுச்சு” என்பார் கணவர். கேலிதான். ஆனால் சொல்லிக்கொண்டே வெந்நீர்ப் பையை எடுத்து வைத்திருப்பார்.

ஒரு திங்கட்கிழமை, முதல் வகுப்பிலேயே மறுபடி அந்த வாசனை வந்தது. கருகிய ரப்பரும் சூடான இரும்பும் கலந்த வாசனை. எஞ்சின் உறுமுகிறது, கார் நகர மறுக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறுகிறது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் அந்த வேலை நிரந்தரம். டெஸ்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம். அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் போல டீச்சரைப் பார்த்தார்.

“நான் சரியாத்தான் விட்டேன்கா.”

“தெரியும். நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நர்ஸின் இடது கால் கிளட்ச் மேல் இல்லவே இல்லை. கீழே தரையில் இருந்தது.

அன்று மதியம் முதலாளி முடிவைச் சொன்னார். மாதக் கடைசியோடு பெண்கள் வகுப்பு நிறுத்தம். சேர்ந்திருக்கும் ஒன்பது பேரும் வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ளட்டும். டீச்சர் ஆபீஸில் உட்காரலாம். பெண்கள் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், அதனால் பிளேட் தேய்கிறது, தான் மூன்று முறை பொறுத்தாகிவிட்டது என்றார். அருகில் உட்கார்ந்திருந்த அவருடைய மச்சினன் தலையாட்டினார். ஸ்கூலின் இன்னொரு காரில் ஆண்களுக்குக் கற்றுத்தருபவர் அவர். போன வாரம்வரை அவருடைய கண்டுபிடிப்பு வேறாக இருந்தது. டீச்சரின் கார் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது, அதனால்தான் அந்த வண்டி படுத்துகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் பொறுமையாக அவருடைய கார் நம்பரையும் கூட்டிக் காட்டினார். அதுவும் எட்டு. அன்றோடு எட்டை விட்டுவிட்டுப் பெண்களைப் பிடித்துக்கொண்டார் மச்சினன்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கோபப்பட்டிருப்பீர்கள். டீச்சருக்கும் கோபம் வந்தது. கோபத்துக்குத் தேவையான தெம்புதான் இல்லை. பத்தொன்பது வருடத்தில் கோபப்பட்ட இடத்திலெல்லாம் ‘இதுக்குத்தான் பொம்பளைங்கள வேலைக்கு வைக்கக்கூடாது’ என்ற வாக்கியம் தயாராகக் காத்திருப்பதைப் பார்த்தவர். அதனால் ஒன்றே ஒன்று கேட்டார். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், இரண்டு கார்களையும் மாற்றிக்கொள்வோம். பெண்கள் அந்தக் காரில், ஆண்கள் இந்தக் காரில். பழுது பெண்களோடு போகிறதா, காரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

எத்தனை எளிமையான கேள்வி. பதினான்கு மாதத்தில் ஏன் யாருக்கும் தோன்றவில்லை? பதில் ஏற்கெனவே தெரியும் என்று நம்புகிறவர்களுக்குக் கேள்வி தோன்றாது. மச்சினன் முனகினார். டீச்சரின் காரில் பாட்டுப் பெட்டி நன்றாகப் பாடும் என்று ஞாபகம் வந்ததும் ஒத்துக்கொண்டார்.

அந்த வாரத்தைப் பற்றி டீச்சர் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறார். யார் ஓட்டினார், எவ்வளவு நேரம், மேட்டில் ஏறியதா, வாசனை வந்ததா. மச்சினனின் காரில் ஆறு நாளும் ஒன்பது பெண்கள் ஓட்டினார்கள். மேம்பாலத்துச் சரிவில் நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். வாசனை இல்லை. அந்தக் கார் இரண்டு வருடமாக ஒரே பிளேட்டில் ஓடுகிறது. டீச்சரின் காரில் மூன்றாவது நாள், இருபது வயது முறுக்கு மீசைக்காரர் ஒருவர் ஓட்டும்போது பாட்டையும் மீறி எஞ்சின் உறுமியது. நாலாவது நாள் வாசனை. ஐந்தாவது நாள் மச்சினனே ஓட்டியபோதும் வாசனை.

டைரியில் இன்னொரு வரியும் இருக்கிறது. ‘இந்த வாரம் முட்டி பரவாயில்லை.’ அதை ஏன் எழுதினோம் என்று அப்போது அவருக்கே தெரியாது. மச்சினனின் காரில் பக்கத்து இருக்கை நகரும். முதல் நாளே இரண்டு பல் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை டைரியை எடுத்துக்கொண்டு முதலாளி முன்னால் நின்றார். முதலாளி இரண்டு பக்கம் புரட்டினார்.

“பொம்பளைங்க ஏற்கெனவே கெடுத்து வச்ச வண்டிம்மா அது. அப்புறம் யார் ஓட்டினா என்ன?”

பார்த்தீர்களா? வாசனை வந்தால் பெண்கள் கெடுக்கிறார்கள். ஆண்கள் ஓட்டும்போது வந்தால் பெண்கள் கெடுத்து வைத்துவிட்டார்கள். எந்தப் பக்கம் காசைச் சுண்டினாலும் தலை விழும்படி ஒரு காசு செய்து வைத்துக்கொண்டு, இவர்கள் அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டீச்சர் டைரியை வாங்கிக்கொண்டார். யார் காரணம் இல்லை என்று காட்டினால் போதாது என்று அவருக்குப் புரிந்தது. எது காரணம் என்று கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது.

மெக்கானிக்குக்கு ‘அரைமணி’ என்று பட்டப்பெயர். எந்த வேலை கொண்டுபோனாலும் “அரைமணி நேரத்துல ஆயிடும்” என்பார். மூன்று நாள் ஆகும். ஆனால் வேலையில் ஏமாற்றமாட்டார். தகரக் கூரை போட்ட பட்டறை, தரையெல்லாம் எண்ணெய் ஊறிக் கருத்த சிமெண்ட். மூன்று கிளட்ச்சும் அவர் மாற்றியதுதான். ஒவ்வொரு முறையும் மாற்றி முடித்ததும் தானே ஓட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் கார் பிரமாதமாக ஓடும். மாற்றி முதல் ஐந்தாறு வாரம் ஸ்கூலிலும் பிரமாதமாகத்தான் ஓடும். பிறகு மெல்ல வழுக்கத் தொடங்கும். அவருக்கும் மனசுக்குள் உறுத்தல் இருந்தது. போன தடவை பிரித்தபோது ஆயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிளேட் ஒட்டிச் சுழலும் பிளைவீலைக் கடைசல் பிடித்துச் சமன் செய்தார். வேறு கடையில் பிளேட் வாங்கிப் போட்டார். ஒன்றும் மாறவில்லை. வேறு காரணம் அகப்படாததால் அவரும் முதலாளி சொன்னதையே நம்பத் தொடங்கியிருந்தார். அதை டீச்சர் முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார். கண்ணைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டறையில் வேறு யாரும் இல்லை. அரைமணி காருக்குள் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். மூன்றாவது கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்ச்சை விட்டார். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி அங்கேயே நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. நிம்மதியாக உறுமிக்கொண்டிருந்தது.

“வழுக்குது. கியர்பாக்ஸை இறக்கிட வேண்டியதுதான்” என்றார் அரைமணி. வழக்கம்போல முதலில் பக்கத்து இருக்கையின் நான்கு போல்ட்டைக் கழற்றி, இருக்கையைத் தூக்கி வெளியே வைத்தார். பிறகு பக்கத்துப் பெடல்களை அவிழ்த்தார். அவற்றை எடுத்தால்தான் கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தை உரித்து வேலை செய்ய முடியும். எல்லாம் முடிந்து, ஓட்டிப் பார்த்து, காரைக் கழுவிய பிறகு, கடைசி வேலையாகத்தான் அவற்றைத் திரும்ப மாட்டுவார்.

வெளியே கிடந்த அந்த இருக்கையில் டீச்சர் போய் உட்கார்ந்தார். கால் வலித்தது, பட்டறையில் வேறு நாற்காலி இல்லை. அங்கிருந்து, கார் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அண்ணே, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் சீட்டு இல்லாம ஓட்டிப் பார்ப்பீங்களா?”

“ஆமா. ஏன்?”

“பெடலும் இல்லாம?”

அரைமணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். மறுபடி ஏறி உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக், மூன்றாவது கியர், ஆக்சிலேட்டர். கிளட்ச்சை விட்டார்.

கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

அரைமணி இன்னொரு முறை செய்தார். நின்றது. இறங்கி, பக்கத்துப் பெடலைத் திரும்ப மாட்டி, அதே சோதனையைச் செய்தார். உறுமியது. கழற்றினார். நின்றது. மாட்டினார். உறுமியது. பிளேட்டில் இன்னும் உயிர் இருந்தது. மூன்று முறையும் நோயை வெளியே எடுத்து வைத்துவிட்டு நோயாளி நலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

காரணம் அதற்குப் பிறகு கண்ணுக்கே தெரிந்தது. பிளேட் தேயத் தேய, ஓட்டுபவரின் கிளட்ச் பெடல் ஓய்வில் இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். பெடலில் இரண்டு விரல் அளவாவது சும்மா ஆடுகிற தளர்ச்சி இருக்க வேண்டும். இங்கே பக்கத்துப் பெடலின் கேபிள் கொஞ்சம்கூடத் தளர்ச்சியில்லாமல் இறுகியிருந்தது. அது ஓட்டுபவரின் பெடலை மேலே வர விடாமல் பிடித்து வைத்திருந்தது. புது பிளேட்டுக்கு அது தொந்தரவில்லை. சில வாரம் தேய்ந்ததும், யாருமே மிதிக்காதபோதும் கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருந்தது. அந்தக் காரில் கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே இருந்தது ஒரு கேபிள். அது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

அரைமணி டார்ச் அடித்து, கேபிளை இறுக்கும் நட்டைக் காட்டினார். அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு அப்படி ஒரு புள்ளிக்கு அர்த்தம் உண்டு. அளவு பார்த்துச் சரியாக வைத்தாயிற்று, இனி யாரும் தொடாதே என்பது அது.

“பெடல் செட் பண்ணவங்க போட்ட மார்க்குன்னு நெனச்சேன். மூணு தடவையும் அந்தப் புள்ளிக்கு நேரா பார்த்து பார்த்து மாட்டினேன்” என்றார் அரைமணி. தன் மேலேயே வெறுப்பு வந்த குரல்.

டீச்சர் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பெயிண்ட் இல்லை. நகப்பூச்சு. ஹாஸ்டலுக்குப் போன மகள் அலமாரியில் விட்டுப்போன பாட்டிலில் இருந்தது.

பதினைந்து மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளி. அன்று காலை, பெடலின் கடைசி இரண்டு அங்குலத்துக்குக் கால் எட்டாமல், வண்டி ஒரு பால்காரரின் சைக்கிளை உரசி நின்றிருந்தது. கேன் மட்டும்தான் நசுங்கியது. டீச்சர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார். தானே குனிந்து, வண்டியில் இருந்த ஸ்பேனரால் கேபிளை இறுக்கினார். பெடலில் வீணாக ஆடும் தூரம் போனது. தொட்டவுடன் பிடித்தது. முட்டிக்கு எவ்வளவு ஆறுதல். அது தளர்ந்துவிடாமல் இருக்கிறதா என்று தினம் பார்த்துக்கொள்ள நட்டின் மேல் ஒரு சொட்டு வைத்தார். பிறகு கிளட்ச் போனபோது அவருக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. அது கிளட்ச் சம்பந்தப்பட்டதாக அவர் மனதில் இல்லை. முட்டி சம்பந்தப்பட்டதாகத்தான் இருந்தது.

இப்போது என்ன செய்வது? சும்மா இருந்துவிடலாம். அரைமணி நட்டைத் தளர்த்திவிடுவார், கார் ஓடும். யார் இறுக்கியது என்று தெரியாது என்பார். அப்படிச் சொன்னால் முதலாளி அந்த வெற்றிடத்தை எதை வைத்து நிரப்புவார் என்று இருவருக்கும் தெரியும். பெண்கள் உதைத்து உதைத்து இறுகியிருக்கும் என்பார். உண்மையைச் சொன்னால் ஒன்பது பேர் மேல் இருக்கும் பழி போகும். ஆனால் ஏன் இறுக்கினாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் முட்டி. முட்டி என்றால் போன் மேசை.

அரைமணி வேலை அட்டையை எடுத்து, பேனாவைத் தேடினார்.

“அது நான் வச்ச புள்ளி, அண்ணே” என்றார் டீச்சர். “நான்தான் இறுக்கினேன். கால் எட்டல.”

அரைமணி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் உட்கார்ந்திருந்த இருக்கையைப் பார்த்தார். அதன் அடியில் துருப்பிடித்த ரெயில்.

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு இருவரும் சேர்ந்து ஆபீஸுக்குள் போனார்கள். அரைமணி வருவார் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. முதலாளி எல்லாவற்றையும் காதுகொடுத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

“அப்ப நான் சொன்னது சரியாத்தானே போச்சு? பொம்பளைதான் காரணம்.”

மச்சினன் சிரித்தார். டீச்சர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நின்றபடியே உடம்பின் பாரத்தை வலது காலுக்கு மாற்றிக்கொண்டார். முட்டி வலி என்றால் நாளையிலிருந்தே ஆபீஸில் உட்காரலாமே, எதற்குக் கஷ்டம் என்று முதலாளி அன்போடு சொன்னார். அந்த அன்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அப்போது அரைமணி சட்டைப் பையிலிருந்து மூன்று பழைய வேலை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த விரலால் ஒவ்வொரு அட்டையிலும் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். இருக்கையைக் கழற்றும்போதெல்லாம் பார்த்ததை எழுதுவது அவர் பழக்கம். மூன்றிலும் ஒரே வரி: ‘பக்கத்து சீட் ரெயில் ஜாம். நகரவில்லை.’ அதன் பக்கத்தில் வேறு கையெழுத்தில், ‘பிறகு பார்க்கலாம்.’ அதன் கீழே முதலாளியின் கையொப்பம்.

“சீட்டு நகர்ந்திருந்தா இவங்க கேபிளைத் தொட்டிருக்க மாட்டாங்க. கேபிளைத் தொடலைன்னா பிளேட் போயிருக்காது. பெடலை மாட்டினப்புறம் தளர்ச்சி இருக்கான்னு நான் பார்த்திருந்தா முதல் தடவையே தெரிஞ்சிருக்கும். அது என் தப்பு. ஆனா சீட்டு நகரலைன்னு மூணு தடவையும் எழுதிக் கொடுத்திருக்கேன்” என்றார் அரைமணி. “இது மட்டும் என் தப்பு இல்ல சார்.”

முதலாளி மூன்று அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையெழுத்தைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல முடியுமா என்று யோசித்தது போலிருந்தது. மேசையில் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், வகுப்பு இப்போதைக்கு நடக்கட்டும், மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மன்னிப்பு என்று எதுவும் இல்லை. பார்த்துக்கொள்ளலாம் என்றார், அவ்வளவுதான். அந்த மாதக் கடைசி வந்தது, போனது. யாரும் எதையும் பார்க்கவில்லை.

ரெயிலைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும் என்றார் அரைமணி. துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, தேய்த்து, மறுபடி எண்ணெய் ஊற்றி, சரியாக அரைமணி நேரம் ஆனது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பட்டப்பெயருக்கு நியாயம் செய்தார் என்று நர்ஸ் சொல்லிச் சிரித்தார். இருக்கை மூன்று பல் முன்னால் வந்தது. கேபிளில் இரண்டு விரல் தளர்ச்சி விட்டு, நகப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது இடத்தில் டீச்சரையே புள்ளி வைக்கச் சொன்னார் அரைமணி. நர்ஸ் முதல் தடவையிலேயே டெஸ்ட்டில் தேறினார். நான்காவது பிளேட் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இதோடு சுபம் போட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் டீச்சரின் முட்டி திரும்பி வரவில்லை. இரண்டு வருடம் எட்டாத பெடலுக்கு எட்டி எட்டித் தேய்ந்தது தேய்ந்ததுதான். முட்டிக்குள் போட நான்காவது பிளேட் எந்தக் கடையிலும் கிடைக்காது. முப்பத்திரண்டு படியில் இப்போதும் மூன்று இடத்தில் நிற்கிறார். வண்டிப் பதிவேட்டில் அந்த மூன்று கட்டங்களில் ‘பெண்கள் வகுப்பு’ அப்படியே இருக்கிறது. திருத்தச் சொல்லி ஒருமுறை கேட்டார். பழைய பக்கத்தை எதற்குக் கிளற வேண்டும் என்றார்கள். நாளை புதிதாக வரும் ஒருவர் அதைப் புரட்டினால், பெண்கள் மூன்று கிளட்ச்சைத் தின்றதாகத்தான் படிப்பார். ஆதாரம் வேண்டுமா, இதோ எழுத்தில் இருக்கிறது என்பார்.

காரணம் தேடிப் போகிறவர்கள் வழியில் முதலில் அகப்படும் எளியவரோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே நின்றால் யாருக்கும் சிரமமில்லை. இன்னும் இரண்டு படி மேலே போனால், ‘பிறகு பார்க்கலாம்’ என்ற கையெழுத்து கிடைக்கும். அதனால்தான் போவதில்லை.

நீங்கள் போங்கள். நாளைக் காலை வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் இடத்தில் யாருடைய நாற்காலி நகராமல் இருக்கிறது, யார் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து நுனியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். அவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருப்பார். அதனால் நீங்களாகப் போய்க் கேளுங்கள். கையில் கொஞ்சம் எண்ணெயும் ஒரு சுத்தியலும் கொண்டுபோங்கள். பழைய பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக யாராவது பொய்க் காரணம் எழுதியிருந்தால், பேனாவையும் எடுத்துப் போய் அதை அடித்துவிட்டு வாருங்கள்.